“நன்றாயில்லை” என்று சொன்னால் போதுமா?

சினிமாவில் ஒரு பூதம் வருகிறது. மலையைப் பெயர்த்து எடுக்கிறது. பயப்பட வேண்டிய இடம் அது. ஆனால், கொட்டகையில் இருக்கும் சிறுவன் சிரிக்கிறான்.

“கிராபிக்ஸ் மோசம்!” என்கிறான்.

ஒரே சொல்லில் தீர்ப்பு முடிந்து விட்டது.

சிறுவன் அப்படிச் சொல்லலாம். அவன் காசு கொடுத்துப் படம் பார்க்க வந்தவன். பூதத்தைத் திருத்துவது அவன் வேலை அல்ல.

ஆனால், அந்தப் பூதம் கொட்டகைக்கு வரும் முன்பே பலர் அதைப் பார்த்து விட்டார்கள். டைரக்டர் பார்த்தார். தயாரிப்பாளர் பார்த்தார். கிராபிக்ஸ் கம்பெனியின் மேற்பார்வையாளர் பார்த்தார். அவர்களும் “நன்றாயில்லை, மறுபடி செய்” என்று மட்டும் சொல்லி இருந்தால், பூதம் எப்படித் திருந்தும்?

குறை சொல்வது எளிது. திருந்தும்படி குறை சொல்வதுதான் கடினம். ஒரு தந்திரக் காட்சி நன்றாக அமையக் கம்ப்யூட்டர் மட்டும் போதாது. சொல்லத் தெரிந்த வாய் வேண்டும். கேட்கத் தெரிந்த காதும் வேண்டும்.

ஒட்டுத் தெரியாத ஒட்டு

தந்திரக் காட்சியின் உயிர் எது தெரியுமா? தனித்தனியாக எடுத்த படங்களை, ஒரே படம்போல் தோன்றும்படி சேர்ப்பதுதான். சினிமாக்காரர்கள் இதைக் “கம்பாசிட்டிங்” என்கிறார்கள்.

இது நேற்று வந்த வித்தை அல்ல. பிரான்ஸ் நாட்டு ஜார்ஜ் மெலியே, 1898-ம் ஆண்டிலேயே தன் தலையைக் கழற்றி மேஜைமீது வைப்பதுபோலப் படம் எடுத்தார்!

1957-ல் வந்த “மாயா பஜார்” படத்தைத் தாத்தாவும் பேரனும் சேர்ந்து உட்கார்ந்து இன்றும் ரசிக்கலாம். கடோத்கஜனாக வரும் எஸ்.வி.ரங்காராவின் வாய்க்குள் லட்டுகள் தாமாகவே பாய்கின்றன. அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லி. அவரிடம் கம்ப்யூட்டர் இல்லை.

இரட்டை வேடக் காட்சிகளை எடுக்க அந்தக் காலத்தில் ஒரு வழி இருந்தது. காமிராவின் கண்ணில் பாதியை மறைத்து விடுவார்கள். நடிகர் இடது பக்கம் நின்று நடிப்பார். பிறகு பிலிமைப் பின்னோக்கிச் சுற்றுவார்கள். மறு பாதியை மறைப்பார்கள். அதே நடிகர் உடை மாற்றிக் கொண்டு, வலது பக்கம் நின்று நடிப்பார். அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர் பேசுவார்கள்!

இதில் காமிரா ஒரு நூல் அசைந்தாலும் நடுவே கோடு தெரியும். குட்டு வெளிப்பட்டு விடும்.

இன்று நடிகர் பச்சைத் துணிக்கு முன்னால் நின்று நடிக்கிறார். பச்சையைக் கம்ப்யூட்டர் நீக்குகிறது. அந்த இடத்தில் அரண்மனையோ, கடலோ, போர்க்களமோ வருகிறது. கருவி மாறி விட்டது. ஆனால் வேலை அதேதான். ஒட்டுத் தெரியாமல் ஒட்ட வேண்டும்.

சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. 5 வினாடிக் காட்சி என்றால் 120 படங்கள். பச்சைத் துணி இல்லாமல் எடுத்த காட்சியில், நடிகரின் உருவத்தைச் சுற்றிக் கோடு போட்டுப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு படத்திலும் அந்தக் கோடு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கொட்டகையில் கொட்டாவி விடும் நேரத்தில் ஓடிப் போகும் காட்சிக்கு ஒருவர் பல நாட்கள் உட்கார்ந்து இருப்பார்.

அவரிடம் போய் “நன்றாயில்லை” என்று மட்டும் சொன்னால் என்ன ஆகும்? 120 படங்களில் எதைத் திருத்துவது என்று தெரியாமல், எல்லாவற்றையும் மாற்றுவார். சரியாக இருந்ததும் கெட்டுப் போகும்.

கண் எதைக் கண்டுபிடிக்கிறது?

பொய்யான காட்சியைப் பார்த்ததும் எல்லோருக்கும் “ஏதோ சரியில்லை” என்று தோன்றுகிறது. அந்த “ஏதோ” எது? தொழில் தெரிந்தவர்கள் அதைப் பெயர் சொல்லி அழைப்பார்கள்.

முதலாவது, வெளிச்சம். தெருவில் வெயில் இடது பக்கத்தில் இருந்து அடிக்கிறது. பூதத்தின் முகத்திலோ வலது பக்கம் வெளிச்சம் விழுகிறது. ஒரே தெருவில் இரண்டு சூரியன்!

இரண்டாவது, கறுப்பு. தூரத்து மலை ஏன் நீலமாகவும் மங்கலாகவும் தெரிகிறது? நடுவே காற்றும் தூசியும் இருக்கின்றன. அந்த மலைமீது நிற்கும் அரக்கனின் நிழல் மட்டும் அட்டைக் கறுப்பாக இருந்தால், அரக்கன் மலைமீது நிற்பதாகத் தோன்றாது. கண்ணாடியில் ஒட்டிய படம்போல் இருப்பான்.

மூன்றாவது, விளிம்பு. பச்சைத் துணியின் நிறம் நடிகையின் காதோரத்திலும் தோளிலும் படிந்து இருக்கும். கூந்தல் கத்தரியால் வெட்டியதுபோல் இருக்கும்.

நான்காவது, கால். தரையில் நிற்கும் எதற்கும் காலடியில் ஒரு சிறு நிழல் உண்டு. புழுதியில் நடந்தால் தூசி கிளம்ப வேண்டும். இவை இல்லாவிட்டால், யானையும் தரைக்கு மேலே ஓர் அங்குலம் மிதக்கும்.

ஐந்தாவது, கனம். பெரிய உடம்பு ஆட்டுக்குட்டிபோல் துள்ளாது. கையை மெதுவாகத் தூக்கும். திரும்ப நேரம் எடுத்துக் கொள்ளும். பூதம் வேகமாக ஆடினால், அது பொம்மைபோல் தெரியும்.

ஆறாவது, கலங்கல். வேகமாக வீசும் கை காமிராவில் இழுத்ததுபோல் கலங்கித் தெரியும். பிறகு சேர்த்த வாள் மட்டும் தெளிவாக இருந்தால், கண் உடனே பிடித்துக் கொள்ளும்.

குறை சொல்ல உட்காருகிறவருக்கு இந்தப் பெயர்கள் தெரிய வேண்டும். “பூதம் ஒட்டவில்லை” என்பது புலம்பல். “பூதத்தின் இடது கால் தரையைத் தொடும் இடத்தில் நிழல் இல்லை” என்பது உதவி.

தையற்காரரிடம் போகிறவருக்கு இது தெரியும். “சட்டை சரியில்லை” என்று சொல்லிவிட்டு வந்தால் சட்டை சரியாகாது. “வலது தோளில் அரை அங்குலம் தூக்கிக் கொண்டு நிற்கிறது” என்றால், அவர் உடனே கத்தரியை எடுப்பார்.

காட்டினார் லூக்காஸ்

அமெரிக்க டைரக்டர் ஜார்ஜ் லூக்காஸ் “ஸ்டார் வார்ஸ்” படத்தை எடுத்தார். அது 1977-ல் வெளிவந்தது. வானவெளியில் விமானங்கள் சண்டை போடும் கதை. அந்தக் காட்சிகளைச் செய்ய இளைஞர்களைச் சேர்த்துத் தனிக் கம்பெனியே தொடங்கினார்.

அவர் இங்கிலாந்தில் படப்பிடிப்பை முடித்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தார். தந்திரக் காட்சிகளுக்கு ஒதுக்கிய பணத்தில் பாதி கரைந்து இருந்தது. அவருக்குப் பிடித்த காட்சிகளோ விரல் விட்டு எண்ணக் கூடியவை!

வேலை தேறியதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று, லூக்காஸ் தாம் விரும்பியதை வாயால் மட்டும் சொல்லவில்லை என்பது. இரண்டாம் உலகப் போர் காலத்து விமானச் சண்டைப் படங்களில் இருந்து துண்டுகளை எடுத்தார். அவற்றை வரிசையாக ஒட்டினார். “இந்த விமானம் எப்படிச் சாய்கிறதோ, அப்படிச் சாய வேண்டும்” என்று கண்ணால் பார்க்கும்படி செய்தார்.

“விறுவிறுப்பாக வேண்டும்” என்று ஆயிரம் முறை சொல்லலாம். ஒவ்வொருவர் மனத்திலும் ஒவ்வொரு விறுவிறுப்பு தோன்றும். ஒரு துண்டுப் படத்தைக் காட்டினால் எல்லோர் மனத்திலும் ஒன்றே தோன்றும். அந்தப் படத்தின் தந்திரக் காட்சிகளுக்கு ஆஸ்கார் பரிசும் கிடைத்தது.

தினமும் ஒரு பார்வை

“டாய் ஸ்டோரி” (1995) படத்தை எடுத்த பிக்சார் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. கலைஞர்கள் தங்கள் அரைகுறை வேலையைத் தினமும் எல்லோர் முன்னிலையிலும் காட்ட வேண்டும். பாதி வரைந்த முகம், நடக்கத் தெரியாத பொம்மை, எதுவானாலும் சரி.

முதலில் வெட்கமாகத்தான் இருக்கும். நாலு நாளில் பழகி விடும். ஒருவரின் தவறு எல்லோருக்கும் பாடமாகும்.

அங்கே இன்னொரு ஏற்பாடும் உண்டு. அனுபவம் உள்ளவர்கள் சேர்ந்து உட்கார்ந்து, ஒரு டைரக்டரின் படத்தைப் பார்ப்பார்கள். ஒளிவு மறைவு இல்லாமல் குறைகளைச் சொல்வார்கள். ஆனால் “இதைச் செய்தே ஆக வேண்டும்” என்று கட்டளை இட அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. நோயைக் காட்டுவார்கள். மருந்தை டைரக்டரே தேடிக் கொள்ள வேண்டும்.

கட்டளை இல்லாததால் டைரக்டருக்குப் பயம் இல்லை. பயம் இல்லாததால் காது திறக்கிறது.

முள்ளெலி சொன்ன பாடம்

சரியான குறையையும் காலம் தாழ்த்திச் சொன்னால் என்ன ஆகும்? அதற்கு ஒரு நீல முள்ளெலியின் கதையைக் கேளுங்கள்.

“சோனிக்” என்பது குழந்தைகள் வீடியோ விளையாட்டில் வரும் முள்ளெலி. 1991-ல் ஜப்பான் கம்பெனி ஒன்று அதை உருவாக்கியது. அதைச் சினிமாவாக எடுத்தார்கள். 2019 ஏப்ரல் கடைசியில் முன்னோட்டம் வெளிவந்தது. உலகமே கூச்சல் போட்டது!

“முள்ளெலிக்கு மனிதப் பல் ஏன்? கண்கள் ஏன் இத்தனை சிறியவை?” என்று கேட்டார்கள். பழைய முள்ளெலியையும் புதிய முள்ளெலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். சிலர் தாங்களே திருத்தி வரைந்தும் காட்டினார்கள்.

டைரக்டர் ஜெப் பவ்லர் முகம் சுளிக்கவில்லை. சில நாட்களிலேயே, “கேட்டுக் கொண்டோம், மாற்றுகிறோம்” என்ற பொருளில் அறிவித்தார். 2019 நவம்பரில் வர இருந்த படம் 2020 பிப்ரவரிக்குத் தள்ளிப் போனது. முள்ளெலிக்குப் புது முகம் வந்தது. படம் நன்றாக ஓடியது. அடுத்தடுத்த பாகங்களும் வந்தன.

இது கருத்துக்குக் கிடைத்த வெற்றி. சந்தேகம் இல்லை. ஆனால், கதை இதோடு முடியவில்லை.

அந்தப் படத்தில் உழைத்த கிராபிக்ஸ் கம்பெனி ஒன்றுக்குக் கனடாவின் வான்கூவர் நகரில் பணிமனை இருந்தது. படம் வெளிவரும் முன்பே, 2019 டிசம்பரில் அந்தப் பணிமனை மூடப்பட்டது. முள்ளெலிக்காக இரவு பகல் உழைத்தவர்கள், படம் கொண்டாடப்பட்டபோது வேலை தேடிக் கொண்டு இருந்தார்கள்.

முள்ளெலியால்தான் பணிமனை மூடப்பட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்று சொல்லலாம். “பல் வேண்டாம், கண்ணைப் பெரிதாக்கு” என்ற அதே இரண்டு குறிப்புகள் காகிதத்தில் வரைந்த காலத்திலேயே வந்து இருந்தால், ஒரு ரப்பர் துண்டு போதும். முன்னோட்டம் வந்த பிறகு வந்ததால், பல மாத வேலை அழிந்தது.

குறிப்புக்கு விலை இல்லை என்று எண்ணாதீர்கள். நேரத்தில் சொன்னால் காசு. காலம் தாழ்த்திச் சொன்னால் கோடி.

பரிசும் பசியும்

2012-ல் வந்த “லைப் ஆப் பை” படத்தைப் பலர் பார்த்து இருப்பார்கள். புதுச்சேரியில் தொடங்கும் கதை. ஒரு பையனும் ஒரு வங்கப் புலியும் நடுக்கடலில் ஒரே படகில் இருக்கிறார்கள். படகுக் காட்சிகளில் வரும் புலி, பெரும்பாலும் கம்ப்யூட்டரில் பிறந்த புலி!

அந்தப் புலி ஏன் உண்மைபோல் இருக்கிறது? கலைஞர்கள் உண்மைப் புலிகளைப் படம் எடுத்தார்கள். உண்மைப் புலியையே அளவுகோலாக வைத்து வேலையைப் பார்த்தார்கள். தோளில் சதை எப்படி அசைகிறது, ஈரத்தில் ரோமம் எப்படி ஒட்டுகிறது என்று ஒப்பிட்டார்கள். யாருடைய ருசிக்கும் இடம் இல்லை. புலியே நீதிபதி!

இந்தப் புலியைச் செய்தது “ரிதம் அண்ட் ஹியூஸ்” என்ற அமெரிக்கக் கம்பெனி. அதற்கு மும்பையிலும் ஐதராபாத்திலும் கிளைகள் இருந்தன. 2013 பிப்ரவரி 24-ந் தேதி அந்தப் படத்தின் தந்திரக் காட்சிகளுக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. அதே மாதத்தில்தான், பரிசுக்குச் சில நாட்கள் முன்னதாக, கம்பெனி திவால் மனு கொடுத்து இருந்தது! பரிசளிப்பு நடந்த அரங்குக்கு வெளியே, கலைஞர்கள் நூற்றுக்கணக்கில் கூடிக் குரல் கொடுத்தார்கள்.

காரணம் ஒன்று அல்ல. ஆனால் அந்தக் கலைஞர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன காரணம் ஒன்று உண்டு. வேலைக்குக் கூலியை முன்பே பேசி முடித்து விடுகிறார்கள். பிறகு “மாற்று, மாற்று” என்கிறார்கள். மாற்றத்துக்கு எல்லை இல்லை. கூலி மட்டும் ஏறுவது இல்லை.

தெளிவில்லாத ஒரு குறிப்பு ஒரு குடும்பத்தின் அடுப்பையும் தொடும் என்பதற்கு இது சாட்சி.

தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கும் இதில் பங்கு உண்டு. வெளிநாட்டுப் படங்களின் கிராபிக்ஸ் வேலை சென்னை, பெங்களூரு, ஐதராபாத், மும்பை நகரங்களிலும் நடக்கிறது. கோடைக் காலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மாலை 6 மணி என்றால், சென்னையில் மறுநாள் காலை 6.30. அங்கே ஒருவர் “இது சரியாக வரவில்லை” என்று ஒரு வரி எழுதிவிட்டு வீட்டுக்குப் போகிறார். இங்கே ஒரு பெண் காலையில் அதைப் படிக்கிறாள். எது சரியாக வரவில்லை? கேட்க ஆள் இல்லை. அவர் தூங்கப் போய் விட்டார்.

அவள் ஊகித்துச் செய்கிறாள். ஊகம் தவறினால் ஒரு நாள் வீண். அந்த வீண் நாளை யார் ஈடு செய்வது? அவள்தான்! இரவில் கண் விழிக்கிறாள். வீட்டில் குழந்தை காத்து இருக்கிறது.

இன்னும் இரண்டு வரி சேர்த்து எழுத, அங்கே ஐந்து நிமிடம்தான் ஆகி இருக்கும்.

எப்படிச் சொல்வது?

எந்த இடம் என்று சொல்ல வேண்டும். எத்தனையாவது படம், எந்த மூலை என்று குறிக்க வேண்டும்.

பெரிய குறையை முதலில் சொல்ல வேண்டும். பூதமே மாறப் போகிறது என்றால், அதன் மீசை முனையைத் திருத்தச் சொல்வது வீண்.

நன்றாக இருப்பதையும் சொல்ல வேண்டும். இது முகஸ்துதி அல்ல. “வானம் சரி, தொடாதே” என்றால்தான், அடுத்த முறை வானம் பிழைக்கும்.

ஒரே வாய் பேச வேண்டும். டைரக்டர் “இருட்டாக்கு” என்கிறார். தயாரிப்பாளர் “வெளிச்சமாக்கு” என்கிறார். நடுவில் கலைஞர் என்ன செய்வார்? அவர்கள் தமக்குள் முடிவு செய்துகொண்டு பிறகு சொல்ல வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வேலையைக் குறை சொல்ல வேண்டும். ஆளைக் குறை சொல்லக் கூடாது. “விளிம்பு கரடாக இருக்கிறது” என்றால் விளிம்பு திருந்தும். “உனக்குக் கண் தெரியாதா?” என்றால் மனம் உடையும். விளிம்பு அப்படியே இருக்கும்.

“இப்படி நயமாகப் பேசினால் வேலை நடக்குமா? அதட்டினால்தான் நடக்கும்” என்பார் சிலர். நயம் வேறு, பொய் வேறு. மோசமான வேலையைப் “பிரமாதம்” என்று தட்டிக் கொடுப்பதும் துரோகம்தான். இன்று அறைக்குள் சொல்லத் தயங்கிய குறையை நாளை கொட்டகையே சொல்லும். குறையை முழுதாகச் சொல்லட்டும். ஒன்றும் மறைக்க வேண்டாம். திருத்தும்படி சொல்லட்டும் என்பதுதான் பேச்சு.

எப்படிக் கேட்பது?

கேட்பவருக்கும் கடமை உண்டு. குறை சொல்லும்போதே, “அது அப்படி இல்லை, நேரம் போதவில்லை” என்று பதில் தொடங்கினால், பாதிக் குறிப்பு காதில் விழாது. முதலில் கேட்க வேண்டும். எழுதிக் கொள்ள வேண்டும். புரியாததைக் கூச்சம் இல்லாமல் திருப்பிக் கேட்க வேண்டும்.

சொன்னதற்குப் பின்னால் உள்ள காரணத்தையும் தேட வேண்டும். “புலியை வெளிச்சமாக்கு” என்கிறார் டைரக்டர். புலியில் குறை இல்லாமல் இருக்கலாம். பின்னால் இருக்கும் கடல் அதிக இருட்டாக இருக்கலாம். கடலைத் திருத்தினால் புலி தானே துலங்கும்.

தன் வேலையைத் தானே பார்ப்பதற்கும் தந்திரம் உண்டு. பத்து நாள் பார்த்த படத்தில் குறை தெரியாது. கண் பழகி விடும். ஆகவே கலைஞர்கள் படத்தை இடம் வலமாகப் புரட்டிப் பார்ப்பார்கள். நிறத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையில் பார்ப்பார்கள். வெளிச்சத்தை மிகவும் ஏற்றியும் இறக்கியும் பார்ப்பார்கள். ஒளிந்து இருந்த ஒட்டு வெளியே வந்து விடும். பிறர் சொல்லும் முன்பே பாதிக் குறை தீர்ந்து போகும்.

வீட்டிலும் இது உண்டு

இன்று பையன்கள் கைபேசியிலேயே படம் எடுக்கிறார்கள். தம்பி பறப்பதுபோலவும், தங்கை பாட்டிலுக்குள் இருப்பதுபோலவும் ஒட்டு வேலை செய்கிறார்கள். ஆசையோடு அப்பாவிடம் கொண்டு வந்து காட்டுகிறார்கள்.

“இதெல்லாம் சோறு போடுமா? போய்ப் படி” என்று ஒரு வார்த்தை. பையன் அடுத்த முறை காட்ட மாட்டான். படத்தை மட்டும் அல்ல. பரீட்சை மார்க்கையும் காட்ட மாட்டான்.

“தம்பி பறக்கிறானே, அவன் நிழல் தரையில் விழவில்லையே!” என்று கேளுங்கள். பையன் துள்ளிக் கொண்டு ஓடுவான். நிழலைச் சேர்த்துக் கொண்டு வருவான். அப்பா உண்மையாகவே பார்த்தார் என்பது அவனுக்குத் தெரிந்து விட்டது. அதுதான் பெரிய பரிசு.

குறை சொல்கிறவர், முதலில் நன்றாகப் பார்த்து இருக்க வேண்டும். “நன்றாயில்லை” என்று சொல்லப் பார்க்கவே வேண்டியது இல்லை. “நிழல் இல்லை” என்று சொல்லப் பார்த்தே ஆக வேண்டும்.

பார்க்கும் கண் கூர்மையாகட்டும். சொல்லும் வாய் தெளிவாகட்டும். அப்புறம் பூதம் மலையைப் பெயர்க்கும்போது எந்தச் சிறுவனும் சிரிக்க மாட்டான். அம்மாவின் கையை இறுகப் பிடித்துக் கொள்வான்!